.40 பாலிமர் பிஸ்டல்கள்: எதன் உதைப்பு கைக்கு அடங்குகிறது?

நொய்யல்கரை (டல்லாஸ்) எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

க்ரீன் கார்டு கைக்கு வந்த பிறகு நான் வாங்கிய முதல் பிஸ்டல் ஒரு பழைய க்ளாக் 22, மூன்றாம் தலைமுறை; .40 அங்குலத் தோட்டா, பாலிமர் (கெட்டி பிளாஸ்டிக்) உடம்பு. ஏதோ ஒரு ஊரின் காவல்துறை அதைவிடச் சின்ன 9 எம்எம் தோட்டாவுக்கு மாறியபோது கழித்துவிட்டது. உறையில் உரசி உரசி ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) விளிம்பெல்லாம் வெளுத்திருக்கிறது. பேரலின் (குண்டு பாயும் குழல்) உட்புறமோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. இடுப்பில் நிறையச் சுமந்திருக்கிறார்கள், கொஞ்சமாகத்தான் சுட்டிருக்கிறார்கள். விலை புதுசைவிட நன்றாகவே குறைவு.

சிக்கல் ரேஞ்சில்தான் (சுட்டுப் பழகும் இடம்). 7 கஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டினேன். முதல் ரவுண்டு நடுவில். இரண்டாவது கீழே இடது ஓரத்தில். மூன்றாவது தட்டிலேயே இல்லை. ஐம்பது ரவுண்டு முடிவதற்குள் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை சிவந்துவிடுகிறது. அதே நாள் நண்பரின் 9 எம்எம் க்ளாக் 17-ஐ வாங்கிச் சுட்டேன். ஐந்து ரவுண்டும் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. வெளியே பார்க்க இரண்டும் ஒரே பிஸ்டல்!

.40 எல்லாமே இப்படித்தானா, இல்லை இந்த மாடல் மட்டுமா? எம்&பி 40, சிக் பி320, எச்&கே யூஎஸ்பி 40, எக்ஸ்டி 40 என்ற மற்ற .40 பிஸ்டல்களைச் சுட்டவர்கள் கையில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். "9 எம்எம் வாங்கிவிடு" என்ற ஒரு வரிப் பதில் வேண்டாம். அது எனக்கும் தெரியும். ஏன் என்று புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


கம்பம்பாண்டி (ஓஹையோ) எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இதற்குப் பதில் அந்தத் தோட்டா பிறந்த கதையில் இருக்கிறது.

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு ஏஜென்டுகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு எஃப்பிஐ பெரிய தோட்டா தேடிப் போய் 10 எம்எம்மைப் பிடித்தது. அதன் முழு வேகத்தைப் பெரும்பாலானவர்களால் தாங்க முடியவில்லை, வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு அதை அடைக்கும் கூடு அவ்வளவு நீளமாக எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து அதை வெட்டிச் சுருக்கினார்கள். 1990 ஜனவரியில் .40 எஸ்&டபிள்யூ வெளியே வந்தது.

உன் கேள்விக்கு முக்கியமான இடம் இதுதான். கூட்டைச் சுருக்கியதால் அது 9 எம்எம் அளவு பிஸ்டலுக்குள்ளேயே அடங்கியது. க்ளாக் கம்பெனி சும்மா இருக்குமா? 9 எம்எம் மாடல்களான 17-க்கும் 19-க்கும் இருந்த அச்சிலேயே ஸ்லைடையும் பேரலையும் மாற்றி 22, 23 என்று இறக்கியது. தோட்டாவுக்குப் பெயர் கொடுத்த ஸ்மித் அண்ட் வெஸனின் 4006 கடைக்கு வருவதற்கு முன்பே க்ளாக் வந்துவிட்டது. போலீஸ் துறைகள் அள்ளிக்கொண்டு போயின. 1997-ல் எஃப்பிஐயே 22-ஐயும் 23-ஐயும் எடுத்துக்கொண்டது.

ஆக, உன் கையில் இருப்பது 9 எம்எம்முக்காகப் போட்ட உடம்பு. டிவிஎஸ் 50-ல் பின்னால் ஒரு அரிசி மூட்டை கட்டினால் வண்டி ஓடும், ஊர் போய்ச் சேரும். ஆனால் மேடு வந்தால் முன்சக்கரம் தூக்கும். 22-ல் சுட்டதும் மூக்கு (பேரலின் முனை) தூக்குவது அந்த மாதிரிதான்.

.40-க்காகவே வரைந்த பிஸ்டல்கள் தனி. 1993-ல் வந்த யூஎஸ்பியை எச்&கே முதலிலிருந்தே .40-ஐ மனதில் வைத்துத்தான் வடிவமைத்தது. 2005-ல் வந்த எம்&பியும் முதலில் .40-ல்தான் வெளியானது. பாலிமர் இல்லை என்றாலும் சிக் பி229-ஐயும் சொல்லலாம். பழைய பி228-ன் தகடு மடித்துச் செய்த ஸ்லைடு .40-க்குத் தாங்காது என்று முழு எஃகுக் கட்டியைக் குடைந்து ஸ்லைடு செய்தார்கள். இவற்றையெல்லாம் சுட்டுப் பார், உடனே வித்தியாசம் தெரியும்.


சேலம்_மெக்கானிகல் (டிட்ராய்ட்) எழுதியது:

அண்ணன் சொன்னதற்கு நான் எண்கள் போடுகிறேன். எனக்கு இந்தக் கணக்குப் போடுவதில் தனி மகிழ்ச்சி.

9 எம்எம்மில் 124 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். .40-ல் 180 கிரெய்ன் குண்டு 11.7 கிராம், வேகம் 305 மீட்டர். எடையைக் கிலோவாக்கி வேகத்தோடு பெருக்கினால் வருவது உந்தம்: முதலாவதற்கு 2.8, இரண்டாவதற்கு 3.55. மருந்து எரிந்து பின்னாலேயே பாயும் வாயுவையும் சேர்த்தால் சுமாராக 3.2-ம் 4-ம் வரும். முழு மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) க்ளாக் 17 சுமார் 910 கிராம், 22 சுமார் 975 கிராம். அப்படியானால் பிஸ்டல் பின்னால் வரும் ஆற்றல் 9 எம்எம்மில் கிட்டத்தட்ட 6 ஜூல், .40-ல் 8 ஜூல்.

இதைக் கையால் உணர வேண்டுமா? ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து உள்ளங்கையில் போடச் சொல்லுங்கள். அப்புறம் 80 சென்டிமீட்டரிலிருந்து. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒரு தடவை பெரிதாகத் தெரியாது. நூறு தடவை வாங்கினால் தெரியும்.

இன்னொன்று. இரண்டு தோட்டாவுக்கும் அனுமதித்த உச்ச அழுத்தம் ஒன்றுதான், சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இன்னும் பெரிய .45 தோட்டாவுக்கு 21,000 தான். .45 தள்ளுகிற மாதிரி இருக்கும், .40 அறைகிற மாதிரி இருக்கும் என்று பலரும் சொல்வதற்கு இது ஒரு காரணம். அதே அளவு ஸ்லைடுக்கு அதிக உந்தம் கிடைத்தால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் போகும், வேகமாக நிற்கும். கைக்குத் தெரிவது அந்த நிறுத்தம்தான்.

கூட்டல் கழித்தல் எல்லாம் காகிதத்தில். அக்கா மீனாட்சி வந்து கையைப் பற்றிச் சொன்னால்தான் இழை முழுமையாகும்.


மீனாட்சி_ஹூஸ்டன் எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. நான் ஐந்தடி ஓரங்குலம், என் கை சின்னது. அதனால் பிஸ்டலை எடை பார்த்தோ பெயர் பார்த்தோ என்னால் வாங்க முடியாது. போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவோமா? அந்த மாதிரிதான்.

நான்கு வருடமாக எம்&பி 40, 2.0 (இரண்டாம் பதிப்பு) வைத்திருக்கிறேன். பெட்டியில் பிடியின் பின்புறத்துக்கு நான்கு அளவு துண்டுகள் வந்தன. நடுத்தர அளவு மாட்டித்தான் முதலில் சுட்டேன். ஒவ்வொரு ரவுண்டுக்கும் பிஸ்டல் என் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டு போனது. நாலாவது ரவுண்டில் பிடியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இருப்பதிலேயே சின்னத் துண்டை மாட்டின அன்று டிரிகரில் விரலின் முதல் மடிப்புக்கு முன்னால் இருக்கும் சதை சரியாக உட்கார்ந்தது. பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் வந்தன. அதே தோட்டா, அதே பிஸ்டல், ஆனால் உதைப்பு பாதியான மாதிரி இருந்தது.

இதில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, முன்கை எலும்பு பிஸ்டலுக்கு நேர் பின்னால் இருந்தால் உதைப்பு முழங்கை வரை நேராகப் போகும். கை சின்னது என்பதால் பிஸ்டலைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால், அது பெருவிரல் மூட்டில் வந்து குத்தும். நொய்யல்கரை சொன்ன சிவப்பு அங்கேதான். இரண்டாவது, 2.0-ன் பிடியில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு இருக்கும். வெறும் இடுப்பில் செருகினால் தோலை உரசும். சுடும்போது அதுதான் பிஸ்டலை ஓட விடாமல் பிடிக்கிறது.

க்ளாக் மூன்றாம் தலைமுறையில் மாற்றும் துண்டே கிடையாது. பிடியின் முன்பக்கம் விரல் மேடுகள் வேறு. உங்கள் விரல்கள் அந்தப் பள்ளங்களில் உட்காராவிட்டால் விரல் மேட்டின் மேல் ஏறி நிற்கும், பிடி தளர்ந்துவிடும். உங்கள் விரல் எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.


பழைய_சிப்பாய் (கோவை) எழுதியது:

நான் பட்டாளத்தில் இருந்தவன். எங்களிடம் இருந்தது இஷாப்பூரில் செய்த 9 எம்எம் 1ஏ பிஸ்டல், பழைய பிரவுனிங் ஹை பவரின் வடிவம். முழுக்க எஃகு. உதைப்பு என்று பெரிதாக எதுவும் தெரியாது. பிறகு ஒரு முறை பாலிமர் க்ளாக் 17 சுட வாய்ப்புக் கிடைத்தபோது, கையில் எடுத்ததும் விளையாட்டுச் சாமான் மாதிரி லேசாக இருந்தது. சுட்டபோது 1ஏ-யைவிடச் சுறுக்கென்று இருந்தது. ஆனாலும் கையை விட்டு எகிறவில்லை.

இங்கே இந்தியாவில் 9 எம்எம் தடைசெய்யப்பட்ட வகை. பொதுமக்களுக்கு உரிமம் கிடைத்தாலும் பெரும்பாலும் .32 தான் வழி. அதனால் நீங்கள் பேசும் ஒப்பீட்டை இங்கே இருக்கும் பையன்களால் செய்து பார்க்க முடியாது. படித்தாவது தெரிந்துகொள்ளட்டும், விவரமாக எழுதுங்கள்.

ஒரு சந்தேகம். பாலிமர் உடம்பு வளைந்துகொடுத்து உதைப்பை உள்வாங்கும் என்று சிலர் சொல்கிறார்களே, உண்மையா?


சேலம்_மெக்கானிகல் எழுதியது:

வணக்கம் ஐயா. வளைவது உண்மை. மெதுவாக ஓட்டிய காணொளிகளில் பிஸ்டலின் சட்டம் (பிடியோடு சேர்ந்த கீழ் உடம்பு) அலை மாதிரி அசைவதைப் பார்க்கலாம். ஆனால் அது உள்வாங்கும் பங்கைவிட எடை குறைந்ததால் கூடும் பங்கு பெரியது. மேலே போட்ட கணக்கில் பிஸ்டலின் எடையைக் கால் கிலோ கூட்டிப் பாருங்கள், .40-ன் 8 ஜூல் ஆறரைக்கு வந்துவிடும். நீங்கள் 1ஏ-யில் உணர்ந்தது அதைத்தான். எம்&பி 2.0-ல் சட்டத்துக்குள்ளே எஃகுத் தாங்கியை முன்னால் வரை நீட்டி வளைவைக் குறைத்திருக்கிறார்கள். வளைவதுதான் நல்லது என்றால் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.


கம்பம்பாண்டி எழுதியது:

நொய்யல்கரை தம்பிக்கு ஒரு முக்கியமான விஷயம். நீ சொன்ன "கீழே இடது" உதைப்பால் வருவதில்லை.

யோசித்துப் பார். டிரிகர் விழுந்து மருந்து பற்றியதிலிருந்து குண்டு பேரலை விட்டு வெளியே போக ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. அதற்குள் மூக்கு எழும்பும் தூரம் மிகவும் கொஞ்சம். உதைப்பு குண்டைத் திருப்பிவிட்டால் மேலேதான் போக வேண்டும், கீழே போகாது. வலது கைக்காரன் குண்டு கீழே இடதில் விழுந்தால், உதைப்பு வரப்போகிறது என்று கை முன்கூட்டியே அழுத்துகிறது. வெடிப்பதற்கு ஒரு நொடியின் சின்னத் துண்டுக்கு முன்னால் நீ மூக்கைக் கீழே தள்ளுகிறாய். முதல் ரவுண்டு நடுவில் விழுந்ததே, அப்போது கைக்குப் பயம் வரவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நண்பரிடம் மேகசினைக் கொடுத்து, ரவுண்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று டம்மி ரவுண்டுகளை (வெடிக்காத போலித் தோட்டா) கலந்து போடச் சொல். எங்கே இருக்கிறது என்று நீ பார்க்கக் கூடாது. டம்மி வரும்போது டிரிகர் விழும், சத்தம் வராது, ஆனால் உன் பிஸ்டலின் மூக்கு முழுசாகக் குனிந்து எழும். என் முதல் .40-ல் அதைப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. மூன்று மாதம் துப்பாக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வெறும் டிரிகர் பயிற்சியும் செய். மேகசினை எடு, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார், தோட்டாக்கள் வீட்டில் வேறு ரூமில் இருக்கட்டும். தினமும் பத்து நிமிடம். முன் சைட் (குறி பார்க்க பேரல் முனைப் பக்கம் இருக்கும் சின்ன மேடு) அசையாமல் டிரிகர் விழ வேண்டும்.

சரி, மாடல்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் 180 கிரெய்னில் சுட்டிருக்கிறேன்.

யூஎஸ்பி 40: பேரல் கைக்கு ரொம்ப உயரத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கில் மூக்கு அதிகம் தூக்க வேண்டும். ஆனால் பிஸ்டல் கனமானது, ஸ்லைடு பெரியது, ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கின் கம்பியில் இன்னொரு தாங்கு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். மூக்கு எழும்பும், ஆனால் மெதுவாக எழும்பி மெதுவாக இறங்கும். ஐம்பது வயதுக்கு மேல் மணிக்கட்டு வலி இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பிடி தடிமன், சின்னக் கைக்கு ஆகாது.

பி320: இதிலும் பேரல் உயரம்தான். பெரிய வசதி, வரிசை எண் உள்ளே இருக்கும் எஃகுப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் பிடியை மட்டும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். .40-ல் மூக்கு தூக்குவது எம்&பியைவிட அதிகமாகத் தெரிந்தது.

எக்ஸ்டி 40: குரோவேஷியாவின் எச்எஸ்2000 தான் அமெரிக்காவில் இந்தப் பெயரில் விற்பனைக்கு வந்தது. எனக்கு இதன் மேல் தனி அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஸ்லைடு மேலே கனமாக உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எம்&பி 40: இந்தக் கூட்டத்தில் என் கைக்குச் சைட் சீக்கிரமாகத் திரும்பி வந்தது இதில்தான்.

க்ளாக் 22 ஐந்தாம் தலைமுறை: இதைச் சொல்லாமல் விடக்கூடாது. இதில் .40-க்கு ஸ்லைடையே அகலமாக்கி எடை கூட்டிவிட்டார்கள். பழைய உறைகள் பலவற்றில் நுழையாது. ஆனால் உன் மூன்றாம் தலைமுறைக்கும் இதற்கும் உதைப்பில் நல்ல வித்தியாசம். முப்பது வருடம் கழித்து க்ளாக்கே அந்த மூட்டைக்கு ஏற்ற வண்டி செய்த மாதிரி.


கடலூர்க்காரன் (நியூ ஜெர்சி) எழுதியது:

பேரல் உயரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் அவ்வளவாக ஒப்புக்கொள்ள மாட்டேன். கதவைக் கீல் பக்கத்தில் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் என்பார்கள். சரிதான். ஆனால் இந்த பிஸ்டல்களுக்குள் இருக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர். பெரும்பாலானோர் கையைப் பின்பக்க வளைவுக்கு ஒரு விரல் அகலம் கீழே வைத்துப் பிடிக்கிறார்கள். அங்கே இழப்பது அதைவிட அதிகம். உயரம் பேசுவதற்கு முன் கையை மேலே ஏற்றுங்கள்.


கம்பம்பாண்டி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். முதலில் கை மேலே ஏறட்டும். ஏறிய பிறகு மிச்சம் இருக்கும் மில்லிமீட்டருக்காகப் போட்டி சுடுபவர்கள் சண்டை போடலாம்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், துணைக் கை. வலது கை பிடித்த பிறகு பிடியின் இடது பக்கத்தில் ஒரு காலி இடம் தெரியும். இடது உள்ளங்கையின் அடிச்சதை அந்த இடத்தை முழுவதும் நிரப்ப வேண்டும். இடது பெருவிரல் இலக்கை நோக்கி நீளும். இறுக்குவது பெரும்பாலும் இடது கைதான், வலது கை டிரிகருக்குச் சுதந்திரமாக இருக்கட்டும். கிரிக்கெட்டில் பேட்டைத் தளரப் பிடித்தால் பந்து பட்டதும் கையில் சுழலும் இல்லையா? அதேதான்.

மணிக்கட்டைத் தளர விட்டால் இன்னொரு கேடு வரும். ஸ்லைடு பின்னால் போகும்போது சட்டமும் கூடவே பின்னால் போய்விடும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, காலிக் கூடு சிக்கிக்கொள்ளும். லேசான பாலிமர் சட்டத்தில் இது சீக்கிரம் நடக்கும்.


புது_வாசகன் (சான் ஹோசே) எழுதியது:

அண்ணன்மாரே, நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். இதெல்லாம் படித்து ரேஞ்சுக்குப் போக ஆசையாக இருக்கிறது. போகலாமா?


மீனாட்சி_ஹூஸ்டன் எழுதியது:

தம்பி, அவசரப்படாதே. குடியேற்றம் இல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுக்கலாம் என்று யாராவது சொன்னாலும் நம்பி இறங்காதே. உன் விசா, உன் குடும்பத்தின் எதிர்காலம் எல்லாம் இதில் மாட்டும். மாநிலச் சட்டமும் வேறு வேறு. ஒரு வழக்கறிஞரைக் கேட்ட பிறகு போ. நானும் என் வீட்டுக்காரரும் க்ரீன் கார்டு வரும் வரை காத்திருந்தோம்.


நொய்யல்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலில் டம்மி ரவுண்டு. நண்பர் பத்தில் மூன்று கலந்து கொடுத்தார். முதல் டம்மி வந்தபோது பிஸ்டலின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்தது. பக்கத்தில் நின்றவர் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ரேஞ்ச் விளக்கின் வெளிச்சத்தில் முன் சைட்டின் வெள்ளைப் புள்ளி கீழே போய்த் திரும்பி வந்ததை நானே பார்த்தேன்.

அக்கா கேட்ட விரல் மேடு. உண்மைதான், என் நடுவிரல் பள்ளத்தில் உட்காரவில்லை, மேட்டின் மேல்தான் நிற்கிறது. அதை மாற்ற முடியாது. பக்கங்களில் கிரிப் டேப் ஒட்டினேன், ஓட்டம் குறைந்தது.

அடுத்து ஸ்பிரிங். பழைய பிஸ்டல் என்பதால் பார்க்கத் தோன்றியது. அறை காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் மூக்கை மேலே தூக்கி, டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடைப் பின்னால் இழுத்து மெதுவாக விட்டேன். நல்ல ஸ்பிரிங் என்றால் ஸ்லைடு முழுவதும் முன்னால் போய் மூடிக்கொள்ள வேண்டும். என்னுடையது நகத்தின் அளவு இடைவெளி விட்டு நின்றது. புது ஸ்பிரிங் மாட்டினேன். ஸ்லைடு பின்னால் போய் மோதும் அந்த "டக்" நன்றாகக் குறைந்தது. இத்தனை நாள் செத்த ஸ்பிரிங்கோடு சுட்டிருக்கிறேன். விற்ற கடையில் கேட்டால், பார்த்துத்தான் கொடுத்தோம் என்கிறார்கள். பழையது வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.


கம்பம்பாண்டி எழுதியது:

அருமை. ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புதுசு நல்லது என்றதும் இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் போவார்கள். வேண்டாம். கடின ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளும்போது வேகமாக மோதி மூக்கைக் கீழே இறக்கும். தூக்குவது குறைந்து குனிவது கூடும். கம்பெனி கொடுத்த அளவிலேயே இரு.


நொய்யல்கரை எழுதியது:

சரி அண்ணா. அப்புறம் ஒப்பீடு. ரேஞ்சில் வாடகைக்கு எம்&பி 40 2.0-ம் பி320-ம் கிடைத்தன. யூஎஸ்பி ஒரு தெலுங்கு நண்பரிடம் இருந்தது, கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி 180 கிரெய்ன். 7 கஜம், ஆறு ரவுண்டு, கைபேசி டைமர். காகிதத் தட்டுக்கு வெளியே ஒன்று போனாலும் அந்தச் சுற்று செல்லாது என்று வைத்துக்கொண்டோம்.

என் கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். யூஎஸ்பியில் சுடுவது சுகமாக இருந்தது, கை நோகவே இல்லை. ஆனால் சைட் திரும்பி வரக் காத்திருந்து காத்திருந்து நேரம் ஆனது. பி320-ல் ஆறும் தட்டுக்குள், ஆனால் மேலும் கீழுமாக ஒரு கோடு மாதிரி விழுந்தன. எம்&பியில் சத்தமும் அதிர்வும் யூஎஸ்பியைவிட அதிகம். ஆனால் சைட் போன இடத்திலிருந்து நேராக அதே இடத்துக்கு வந்து நின்றது. நேரமும் அதில்தான் குறைவு. புது ஸ்பிரிங் போட்ட என் 22, பி320-க்கு ஒரு மயிரிழை முன்னால் வந்தது. போன மாதம் தட்டில் மூன்றாவது ரவுண்டே படாத அதே பிஸ்டல்!

எனக்குப் புரிந்தது ஒன்று. கைக்கு மென்மையாக இருப்பதும், அடுத்த ரவுண்டுக்குச் சீக்கிரம் தயாராவதும் ஒன்றல்ல. நான் இதுவரை முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.


சேலம்_மெக்கானிகல் எழுதியது:

இதை எஃப்பிஐயும் வேறு வழியில் சொல்லியிருக்கிறது தம்பி. 2014-ல் அவர்களின் பயிற்சிப் பிரிவு 9 எம்எம்முக்குத் திரும்புவதற்குக் கொடுத்த காரணங்களில் ஒன்று, ஒரே அளவு பிஸ்டலில் பெரும்பாலானவர்கள் .40-ஐவிட 9 எம்எம்மில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது. 2016-ல் க்ளாக்கிடமே 9 எம்எம் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அந்த அலையில்தான் உன் 22 மாதிரி நிறையப் பிஸ்டல்கள் மலிவாகக் கடைக்கு வந்தன.

தோட்டாவையும் மாற்றிப் பார். 155 கிரெய்ன் லேசு, வேகம் அதிகம், சுறுக்கென்று இருக்கும். 180 மெதுவாகத் தள்ளும்.


கம்பம்பாண்டி எழுதியது:

போட்டிகளில் .40 இன்னும் உயிரோடு இருப்பதே அதனால்தான். யூஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போட்டி அமைப்பின் லிமிடெட் பிரிவில் மேஜர் கணக்கில் (வலுவான தோட்டாவுக்கான மதிப்பெண் கணக்கு) சுட நீண்ட காலமாக .40 தான் குறைந்தபட்ச அளவு. குண்டின் கிரெய்னையும் நொடிக்கு அடி வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 165 வர வேண்டும். கடைத் தோட்டா 180 கிரெய்ன், 1000 அடி, ஆக 180 வரும். நாங்கள் வீட்டில் அடைக்கும்போது அதே குண்டை 930, 940 அடிக்கு இறக்கிவிடுவோம். அதைச் சுட்டால் .40 இவ்வளவு சாதுவா என்று கேட்பீர்கள்.


நொய்யல்கரை எழுதியது:

22-ஐ விற்கப் போவதில்லை. 9 எம்எம் மாற்றுப் பேரல் ஒன்று வாங்கிவிட்டேன். மேகசின் மட்டும் 17-உடையது போட வேண்டும், மற்றபடி அப்படியே பொருந்தியது. .40-க்கான கனமான ஸ்லைடில் 9 எம்எம் சுட்டால் பஞ்சு மாதிரி இருக்கிறது. தோட்டாவும் மலிவு. பயிற்சிக்கு மட்டும் இது. ஒவ்வொரு முறையும் நூறு ரவுண்டு இதில் சுட்டுவிட்டு, கடைசி முப்பது ரவுண்டு .40 பேரலை மாட்டிச் சுடுகிறேன். டம்மி கலப்பதை நிறுத்தவில்லை. போன ஞாயிறு வந்த மூன்று டம்மிக்கும் சைட் அசையவில்லை.

அக்கா, நீங்கள் அடுத்த மாதம் டல்லாஸ் வருவதாகச் சொன்னீர்கள். உங்கள் எம்&பியை அந்தச் சின்னத் துண்டோடு ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். 165 கிரெய்ன் ஒரு பெட்டி, 180 கிரெய்ன் ஒரு பெட்டி நான் எடுத்து வருகிறேன்.


மீனாட்சி_ஹூஸ்டன் எழுதியது:

கண்டிப்பாகக் கொண்டுவருகிறேன் தம்பி. நான்கு துண்டும் பையில் இருக்கும், உன் கைக்கு எது சேருகிறது என்று அங்கேயே மாட்டிப் பார்க்கலாம். என் வீட்டுக்காரர் டைமர் பிடிப்பார்.